லீவு நாளில் ஊதிய சங்கு

ஊருக்கெல்லாம் லீவு விட்டால் எங்கள் மாமாவுக்கு மட்டும் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிடும். முதல் நாள் சாயங்காலமே முகம் சுருங்கிப்போகும். தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருப்பார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் கம்பெனிக்குக் கிளம்புவார். போய் ஒரு வேலையும் செய்ய மாட்டார். சும்மா உட்கார்ந்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்பி வருவார். பதினோரு வருஷமாக, ஒரு அரசு விடுமுறை விடாமல் இதே கதைதான்.

மாமா என்றால் என் அப்பாவின் அக்கா வீட்டுக்காரர். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் மின்சாரப் பிரிவில் வேலை. அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வேலை, சங்கு. கம்பெனிக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய சைரனைத்தான் ஊரே சங்கு என்று சொல்கிறது. படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவரில் ஒரு கடிகாரம், ஒரு இரும்புக் கைப்பிடி. கைப்பிடியை மேலே தள்ளினால் கூரைமேல் சக்கரம் சுற்ற ஆரம்பித்து, குரல் ஏறி ஏறி ஊர் முழுக்கப் பரவும். ஒரு நிமிஷம் ஊத வேண்டும். ஆறரைக்கு எழுப்புகிற சங்கு, ஏழே காலுக்குக் கிளம்புகிற சங்கு, ஏழரைக்கு உள்ளே போகிற சங்கு.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைப்பிடியைக் கீழே இழுத்தாலும் அது உடனே நிற்காது. சக்கரம் ஓய்கிறவரைக்கும், குரல் இறங்கி இறங்கி, ஒரு ஆள் அழுது களைத்துப்போவது மாதிரி, அரை நிமிஷமாவது இழுக்கும். நடுவில் யாராலும் அதை நிறுத்த முடியாது.

கம்பெனியைச் சுற்றியுள்ள தெருக்களில் சங்கை வைத்துத்தான் எல்லாம். குழந்தைக்குப் பால் கொடுப்பதிலிருந்து அடுப்பை அணைப்பதுவரை. லீவா இல்லையா என்பதற்கும் அதுதான் தீர்ப்பு. "காலண்டர் பொய் சொல்லும், சங்கு பொய் சொல்லாது" என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. ஆறரைக்குச் சங்கு ஊதவில்லையென்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுப்பார்கள். அந்தத் திரும்பிப் படுத்தலில் இருக்கிற சுகம் தனி ஆளாக லீவு போட்டால் கிடைக்காது என்று அத்தை சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரனும் படுத்திருக்கிறான், எதிர் வீட்டுக்காரனும் படுத்திருக்கிறான், நாம் படுத்திருப்பதை ஒருத்தரும் கணக்கில் எடுக்கப்போவதில்லை. தெருவே சேர்ந்து ஒப்புக்கொண்ட சோம்பல் அது. அரசு விடுமுறை என்பதே அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓய்வு கூட இரண்டாம்பட்சம். எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்கிறோம் என்கிற தைரியம்தான் முக்கியம். அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் தவறி நடந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

மாமாவை முன்பெல்லாம் தெருவில் விடமாட்டார்கள். சங்கு ஊதுவது என்றால் ஆளை முடித்துவிடுவது என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறதே.

"என்ன சங்குக்காரரே, இன்னிக்கு யாருக்கு ஊதப்போறீங்க?"

"உனக்குத்தான். மூணு தடவை ஊதுறேன், எதுல எந்திரிக்கிறேன்னு பாப்போம்."

இப்படிச் சிரித்துப் பதில் சொன்னவர்தான். பதினோரு வருஷமாக யாராவது அந்த ஜோக்கை எடுத்தால், செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

லீவு நாளில் கம்பெனிக்குப் போகிற விஷயத்தில் அத்தைக்கும் அவருக்கும் நடக்காத சண்டை இல்லை.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வீட்டுல கல்லு மாதிரி கெடக்கீங்கள்ல. அரசாங்க லீவுன்னா மட்டும் ஏன் கால்ல சக்கரம் கட்டிக்குறீங்க?"

"ஞாயித்துக்கிழமை எங்கயும் போகாது. அரசாங்க லீவு எடம் மாறும்."

"மாறினா மாறட்டும். அதை நீங்க போய் கட்டிப் புடிச்சு வெக்கணுமா?"

அவர் காபி டம்ளரை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டுவார். அத்தை என்னிடம் திரும்பி, "பாத்தியா, ஊருக்கு லீவு, எனக்கு மட்டும் வேலை நாளு. காலைல அஞ்சரைக்கே காபி கேக்குறாரு" என்பாள். அவருக்கு அங்கே யாரோ இருக்கிறார்களோ என்றுகூட ஒரு தடவை சந்தேகப்பட்டு, என் அப்பாவை வேவு பார்க்க அனுப்பினாள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்காங்கக்கா. ஒரு இரும்புக் கைப்பிடி. அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு" என்றார். அத்தை அதற்கு அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். சந்தேகமே தேவலாம் என்று நினைத்திருப்பாள்.

அப்பா பார்க்காத ஒன்று உண்டு. மாமாவின் சட்டைப் பைக்குள் சங்கின் ஃபியூஸ் இருந்தது. வெள்ளைப் பீங்கான் கட்டை, உள்ளங்கை அளவு. லீவுக்கு முதல் நாள் சாயங்காலமே பெட்டியிலிருந்து அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார். ஃபியூஸ் இல்லாமல் சங்கு ஊத வழியே இல்லை. அப்படியும் போய் உட்கார்ந்துகொள்வார். ஏனென்றால், வீட்டில் இருந்தால் ஆறரைக்கு அவருக்குச் சத்தம் கேட்கும். கைப்பிடிக்கு எதிரே உட்கார்ந்து, அது கீழேயே இருக்கிறதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால், கேட்கிற சத்தம் பொய் என்று கொஞ்சம் நம்ப முடியும். அவ்வளவுதான் வித்தியாசம். சத்தம் அங்கேயும் கேட்கும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் ஒரு அரசு விடுமுறை காலண்டரில் வெள்ளிக்கிழமை சிவப்பாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அதை வியாழக்கிழமைக்கு மாற்றி அறிவிப்பு வந்தது. கம்பெனி வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்டார்கள். ஊர் முழுக்க அரை மணியில் தெரிந்துவிட்டது. தெரியாமல் போனது ஒரே ஒரு ஆளுக்கு. மாமா அன்று மத்தியானமே பல் பிடுங்கப் போய்விட்டார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வீங்கின கன்னத்தோடு மாத்திரை போட்டுவிட்டு ஆறு மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டார்.

வியாழன் காலை எழுந்தார், நடந்தார். தெரு காலியாக இருந்தது. வழக்கமாகவே அவர் கிளம்புகிற நேரத்தில் தெரு காலிதான். வாட்ச்மேன் பின்பக்கம் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா வாசல் பலகையைத் திரும்பிப் பார்க்காமல் நேராகப் படிக்கட்டுக்கு அடியில் போய், கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஆறரைக்குக் கைப்பிடியை மேலே தள்ளினார்.

தப்பு என்று அவருக்குத் தெரிந்தது சத்தத்தால் இல்லை. சத்தத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லாததால். வேலை நாளில் சங்கு ஏறும்போதே கேன்டீனில் பாத்திரம் உருளும், கேட் கிறீச்சிடும், யாராவது யாரையாவது திட்டுவார்கள். அன்று சங்கு மட்டும் தனியாக ஊதியது. பத்து விநாடி இருக்கும். வாட்ச்மேன் வாயில் நுரையோடு ஓடிவந்தார்.

"யோவ், இன்னிக்கு லீவுய்யா. எறக்கு, எறக்கு."

மாமா கைப்பிடியைக் கீழே இழுத்தார். அது நிற்கவில்லை. இறங்கி இறங்கி அழுதது. இரண்டு பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "அடங்கித் தொலையேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அடங்கினதும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். மாமாவுக்குப் பிடுங்கின பல் இடம் வலித்ததாம், அதோடும் சிரித்தாராம். "அந்தச் சிரிப்புதான் என்னை விடமாட்டேங்குது" என்றார் ஒரு தடவை.

கிடங்கில் சுமை ஏற்றும் வேலை பார்த்த ஒருத்தரை எல்லோரும் 'மொத ஆளு' என்று கூப்பிடுவார்கள். கிடங்குக் கதவைத் திறப்பது அவர் பொறுப்பு. எழுப்புகிற சங்கு ஊதினால் எல்லோரும் எழுந்திருப்பார்கள், அவர் கிளம்புவார். அன்று லீவு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு தடவை இடம் மாறின லீவு மறுபடியும் மாறியிருக்கலாமே. சங்கு பொய் சொல்லாதே. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கம்பெனி வாசலுக்கு எதிரே பெரிய ரோடு. வேலை நாள் காலையில் அங்கே ஐநூறு பேர் கடப்பார்கள், லாரிகள் ஊர்ந்துதான் வரும். லீவு நாளில் எதற்கு ஊர வேண்டும்? காலி ரோடு. வந்த லாரி வந்த வேகத்தில் வந்தது. ஐநூறு பேர் கடக்கிற இடத்தில் அன்று ஒரே ஒரு ஆள் கடந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு இரண்டு மூன்று பேர் வாட்ச்மேனிடம் வந்து, "காலைல சங்கு கேட்ட மாதிரி இருந்துச்சே" என்று இழுத்தார்கள். வாட்ச்மேன், "நான் இங்கதானே இருக்கேன். ஒண்ணும் ஊதலையே. தூக்கத்துல கனவு கண்டிருப்பீங்க" என்றார். லீவு நாள் காலைத் தூக்கத்தில் கேட்டதற்கு யார் சத்தியம் பண்ணுவார்கள்? ஒத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமாவிடம் வாட்ச்மேன் சொன்னது ஒரே வாக்கியம். "வாயைத் தெறந்தே, ரெண்டு பேர் வீட்டு அடுப்பும் அணைஞ்சுடும்."

மாமா வாயைத் திறக்கவில்லை.

மொத ஆளின் மனைவிக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கேன்டீன் அக்கா என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். நாக்கில் நெருப்பு, கையில் கரண்டி. சூப்பர்வைசரே ஆனாலும் வரிசையில் நிற்காவிட்டால் டீ கிடையாது. அவள் தினமும் மாமாவுக்குச் சங்கு அறைக்கே டீ கொண்டுபோய்க் கொடுப்பாள். பதினோரு வருஷமாக அந்த டீயை அவர் எப்படி விழுங்கினார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

இந்த வருஷம் அவள் மகளுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. ஒரு மத்தியானம் டீயோடு பத்திரிகையும் கொண்டுவந்தாள்.

"அண்ணே, அடுத்த மாசம். நீங்களும் அண்ணியும் மொத நாளே வந்துடணும்."

மாமா தேதியைப் பார்த்தார். அரசு விடுமுறை.

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம். தெரியும் எனக்கு. லீவு நாள்ல நீங்க இந்தப் பொந்துக்குள்ள வந்து உக்காந்துக்குவீங்களாம்ல, வாட்ச்மேன் சொன்னாரு. என்னண்ணே, அண்ணி தொல்லை தாங்கலையா?"

மாமா சிரிக்கப் பார்த்தார்.

"வேற நாள் வெக்கக்கூடாதாம்மா?"

"வேற நாள்னா யாரு வருவா? ஆளாளுக்கு ஷிஃப்டு. இவனுக்கு லீவுன்னா அவனுக்கு இல்ல. எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ பாக்கணும்னா கவர்ன்மெண்டு மனசு வெச்சாத்தான் உண்டு." அவள் டீ கிளாஸைச் சுவரோரம் வைத்தாள். "அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. அவரு போனது லீவு நாளு. அதுலேர்ந்து லீவுன்னாலே எனக்குக் கை காலு நடுங்குதுண்ணே. அந்த நடுக்கம் போகட்டும்னுதான் வேணும்னே லீவு நாளா பாத்து வெச்சேன்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சொல்றாங்க, லீவை மறந்துட்டு வேலைக்குக் கெளம்பிட்டாருன்னு. அவராவது மறக்குறதாவது. மொத நாளு ராத்திரி எனக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. லீவுக்குப் புள்ளைய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போலாம்னு நான், கூரை ஒழுகுது சரி பண்ணணும்னு அவரு. நான் சொன்னேன், லீவுன்னா நாள் முழுக்க உங்க மூஞ்சியத்தான் பாக்கணும், அதுக்கு நீங்க வேலைக்கே போயிடுங்கன்னு." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "காலைல தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வெளிய வந்து பாக்குறேன், தூக்குச்சட்டியக் காணோம், ஆளைக் காணோம். சோறு கூட இல்லாத வெறும் சட்டி. எனக்காகத்தான் எடுத்துட்டுப் போயிருக்காரு. இந்தா, போயிட்டேன் பாருன்னு."

பத்திரிகையை மாமாவின் கையில் திணித்துவிட்டு, "டீ ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செத்தவருக்குத் தான் செய்ததை மாமா அறிவார். உயிரோடு இருப்பவளுக்குத் தான் செய்துகொண்டிருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததில் சங்கு அவள் காதில் விழவில்லை, அதனால் முதல் நாள் ராத்திரி தான் சொன்ன பேச்சுதான் அவரைக் கொன்றது என்று பதினோரு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். சொன்னால் வேலை போகும், வாட்ச்மேனுடையதும் போகும், ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் அவள் சாகிறவரைக்கும் தன் புருஷனைத் தானே அனுப்பிவைத்தவளாக இருப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு அரசு விடுமுறை வந்தது. வழக்கம்போல் மாமா ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டார். ஆறேகாலுக்குக் கேன்டீன் அக்கா வந்தாள். கல்யாணத்துக்குக் கேன்டீனின் பெரிய பாத்திரங்களைக் கேட்டு வாங்கியிருந்தாள், ஆளில்லாத நாளில் எடுத்துக் கழுவிவைக்க வந்திருந்தாள். படிக்கட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்ததும் எட்டிப் பார்த்தாள். கைப்பிடிக்கு எதிரே, கையில் ஒரு பீங்கான் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமா.

"நெசமாவே உக்காந்திருக்கீங்களே. என்னண்ணே இது கையில?"

"ஃபியூஸு."

"எதுக்கு?"

அவர் சொல்லிவிட்டார். பல் பிடுங்கினதிலிருந்து சிரித்ததுவரை. சிரித்ததையும் விடவில்லை.

அவள் படியில் உட்கார்ந்து கேட்டாள். வாட்ச்மேன் வாசலிலிருந்து வந்து, விஷயம் புரிந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். அவள் கத்துவாள், கரண்டியால் அடிப்பாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மாமா பின்னால் சொன்னார்.

"அப்ப, நான் சொன்னதுக்காகப் போகலையா அவரு?" என்றாள் கடைசியில்.

"இல்லம்மா. சங்குக்காகப் போனாரு."

"எப்படி நம்புறது? எல்லாரும் அன்னிக்கு ஒண்ணும் ஊதலைன்னாங்க. இப்ப நீங்க ஊதினேங்கறீங்க. பாவம் பாத்து சொல்றீங்களோ என்னமோ." அவள் எழுந்தாள். "ஊதுங்க."

"என்னம்மா?"

"அன்னிக்கு எப்படி ஊதினீங்களோ அதே மாதிரி ஊதுங்க. நான் கேக்கணும்."

"நாளைக்கு வேலை நாளுதானே, நாளைக்குக் கேளும்மா."

"நாளைக்கு ஊரோட சேந்து கேக்குறது வேற. லீவு நாள்ல அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும். அதைக் கேட்டா ஒரு மனுசன் கெளம்புவானான்னு தெரியணும்."

மாமா ஃபியூஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "வேணாம்மா. யாராவது கெளம்பி வந்துட்டா? லாரி அதே வேகத்துலதான் வரும்."

"அதுக்கு நான் இருக்கேன்" என்றாள். "ரோட்டுல போய் நிக்கிறேன். எவன் வந்தாலும் திருப்பி அனுப்புறேன். அன்னிக்குத்தான் அங்க நிக்க யாரும் இல்லாம போயிட்டாங்க."

"யோவ், மறுபடியுமா?" என்றார் வாட்ச்மேன் ஈனக் குரலில்.

"நீங்க பல்லைத் தேய்ங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் போய் ரோட்டோரம் நின்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறவரைக்கும் மாமா வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விடுமுறை நாளில் ஃபியூஸைப் பெட்டியில் அழுத்தினார். கடிகாரம் ஆறரை. கைப்பிடியை மேலே தள்ளினார். ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணினார். கீழே இழுத்தார்.

சங்கு இறங்கி இறங்கி அழுதது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அடியில் ஒன்றும் இல்லாமல் இருந்த சத்தம், இப்போதும் அதே மாதிரி, அடியில் ஒன்றுமே இல்லாமல், காலித் தெருக்களுக்குமேல் போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் நடந்ததை மாமாவும் சொன்னார், கேன்டீன் அக்காவும் சொன்னாள், வாட்ச்மேனும் சொன்னார். ஒரே ஒரு விஷயம் தவிர எல்லாம் ஒரே மாதிரி.

ஜனங்கள் கிளம்பி வந்தார்கள். அதுதான். சங்கு பொய் சொல்லாதே. பத்து நிமிஷத்தில் முதல் ஆள் வந்தார், வாயில் பிரஷ்ஷோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

"என்னக்கா, லீவு கேன்சலா?"

"லீவுதான். வீட்டுக்குப் போ. போய்ப் படு."

"அப்ப ஏன் ஊதுச்சு?"

"தப்பா ஊதிட்டாங்க. போ தம்பி, ரோட்டுப் பக்கம் வராத."

இரண்டாவதாக பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, திட்டிக்கொண்டே வந்து திட்டிக்கொண்டே திரும்பினாள். மூன்றாவதாக வயதான ஃபிட்டர். அவர் கேட்கவே இல்லை, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திரும்பிவிட்டார். பின்னாலேயே ஒரு லாரி, காலி ரோடு என்ற தைரியத்தில், காற்றை அறைந்துகொண்டு கடந்துபோனது. அவள் புடவை படபடவென்று அடித்துக்கொண்டதாம்.

மூன்று பேர் என்கிறார் வாட்ச்மேன். வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவர். மூன்றே பேர், சத்தியமாக.

நான்கு என்கிறாள் அக்கா. ஃபிட்டர் போன பிறகு தெருமுனையில் இன்னொரு ஆள் வந்ததாக, கையில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்ததாக. முகம் தெரிகிற தூரம் இல்லையாம். அவள் கையை உயர்த்தி, "லீவுதாங்க, வீட்டுக்குப் போங்க" என்று கத்தியிருக்கிறாள். அந்த ஆள் நின்று, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாராம். "யாருக்கா அது?" என்று கேட்டேன். "ஆரோ. எனக்கென்ன தெரியும்? தூரம்" என்றாள்.

ஏழு மணிவரை அங்கேயே நின்றுவிட்டு உள்ளே வந்தாள். மாமா கைப்பிடியின் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டா கெளம்பத்தாண்ணே தோணும்" என்றாள். "எனக்கே கால் தானா கம்பெனி வாசல் பக்கம் திரும்புச்சு."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அதெல்லாம் வேணாம். மன்னிச்சேன்னு நான் சொல்லமாட்டேன். அது என் வாயில வராது. ஆபீஸ்ல சொல்றதும் சொல்லாததும் உங்க மனசு." கையை நீட்டினாள். "அதைக் கழட்டிக் குடுங்க."

மாமா ஃபியூஸைக் கழற்றிக் கொடுத்தார். அவள் முந்தானை நுனியில் அதை முடிந்துகொண்டாள்.

"லீவு நாள்ல இனிமே இது என்கிட்ட இருக்கும். மொத நாள் சாயங்காலம் நானே வந்து வாங்கிக்குறேன். கல்யாணத்துக்கு வாங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. இங்க உக்கார உங்களுக்கு இனிமே ஒரு காரணமும் இல்ல."

மறுநாளே மாமா ஆபீஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். வாட்ச்மேனைச் சேர்க்காமல், தான் மட்டும் என்று சொன்னார். மேனேஜர் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டு, மேலே எழுதிக் கேட்டிருக்கிறாராம், இன்னும் பதில் வரவில்லை. தெருவில் இரண்டு பேர் அவரோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். அத்தையிடம் அவர் அன்று ராத்திரியே சொல்லியிருந்தார். அத்தை, "நான் வேற யாரோன்னு நெனச்சேன். அதுவா இருந்திருந்தா இதுக்கு எவ்வளவோ தேவலாம்" என்றாளாம்.

கல்யாண நாள் வந்தது. பொது விடுமுறை. மாமாவும் அத்தையும் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள், நானும் கூடப் போயிருந்தேன். காலையில் மண்டபம் முழுக்க ஆளுக்கொரு பாயில் தூக்கம். லீவாச்சே, யாரும் எழுந்திருக்கிற அவசரத்தில் இல்லை. சமையல் பக்கம் மட்டும் விளக்கு. மாமா நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கையில் டீயோடு வந்தாள். முந்தானை நுனியில் அந்த முடிச்சு கனமாகத் தொங்கியது.

அவர் கையில் நாற்காலியோடு நின்றுவிட்டார். அவள் கையில் டீயோடு நின்றுவிட்டாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ குறட்டை விடும் சத்தமும் அடுப்புச் சத்தமும்தான்.

"கேக்குதாண்ணே?"

"ம்."

"எனக்கும்."

அவர்கள் இரண்டு பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் இன்னும் ஒரு அரை நிமிஷம்.

"அடங்கிடுச்சு" என்றாள் அக்கா. டீயை அவர் கையில் கொடுத்தாள். "சீக்கிரம் குடிங்க. நாற்காலியெல்லாம் போட்டாகணும். ஆளுங்க வர ஆரம்பிச்சுடுவாங்க."

முதல் வரிசை நாற்காலிகளை இரண்டு பேருமாகப் போட்டார்கள். போடும்போது இரண்டு பேருமே, இன்னும் யாரும் வராத வாசலை, அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.